அரை ஷிப்ட் சம்பளத்தை வெட்டினால் டெய்லர் வேலையில் நிலைப்பாரா?

கேள்வி: திருப்பூரில் 40 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். நான்கு மாதம் முன்பு வந்த புரொடக்‌ஷன் மேனேஜர் கண்டிப்பானவர். 15 நிமிடம் தாமதமானாலே அரை ஷிப்ட் சம்பளத்தைப் பிடிக்கிறார். இதுவரை 11 டெய்லர்கள் நின்றுவிட்டார்கள். இருப்பவர்களும் ஏனோதானோ என்றுதான் தைக்கிறார்கள். ஊக்கப் பயிற்சி வகுப்பு வைக்கலாமா? ஏஜென்ட் மூலம் வெளிமாநில ஆட்களை எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் அந்த அரை ஷிப்ட் பிடித்தத்தை நிறுத்துங்கள்.

8 மணி நேர ஷிப்டுக்கு 640 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்துக்கு 20 ரூபாய் ஆகிறது. உங்கள் மேனேஜர் பிடிப்பது 320. வராத நேரத்துக்கு உண்டானதற்கு மேல் பிடிக்க 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடா சட்டத்திலும் இடமிருக்கவில்லை, அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இடமில்லை. அபராதம் என்று பெயர் வைத்தாலும் உச்சவரம்பு 3 சதவீதம்தான். வாரச் சம்பளம் 3,840 என்றால் 115 ரூபாய். அதற்கும் விளக்கம் கேட்க வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மேனேஜர்கள் இதை மட்டும் எங்கிருந்தோ தெரிந்துவைத்திருப்பார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல், தக்க காரணமும் இல்லாமல் வராவிட்டால் 8 நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். அவிநாசி ரோட்டில் பஸ் நின்று பத்துப் பேர் தாமதமானால் இது பொருந்தாது. பேசிவைத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பு பற்றி வேலை ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும். நீங்கள் யாருக்காவது நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறீர்களா?

சரி, சட்டம் கிடக்கட்டும். கால் மணி நேரத்துக்கு அரை ஷிப்ட் போகிறது என்றால் அவர் ஏன் உள்ளே வர வேண்டும்? டீக்கடையிலிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். லைனில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவர், அடுத்த முறை தையல் விட்டுப்போன பீஸை எடுத்துக் காட்டமாட்டார்; கட்டுக்கு நடுவில் செருகிவிடுவார். செக்கிங்கில் அது வெளிவரும்போது ஓவர்லாக்கா, ஃபிளாட்லாக்கா, யார் மெஷினில் நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

இதற்குத்தான் ஊக்கப் பயிற்சிக்காரர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அரை நாள் கைதட்டச் சொல்லிவிட்டு பில் கொடுப்பார்கள். மறுநாள் காலை கேட்டில் அதே மேனேஜர்தான் நிற்பார். ஏஜென்ட் இன்னும் மோசம். தலைக்கு இவ்வளவு என்று உங்களிடம் ஒரு கமிஷன், ஆளின் சம்பளத்தில் தினமும் ஒரு கமிஷன். அவர் காண்ட்ராக்டர் என்ற பெயரில் சம்பளத்தையும் கையில் வாங்கிக்கொண்டு கொடுக்காமல் போனால், கொடுக்க வேண்டியது நீங்கள்தான்.

இதையெல்லாம் அரசு பார்க்காதா என்பீர்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார். லைனில் கேட்கும் வசவு அதில் ஏறாது. புதுச் சட்டத்தில் அவர் பெயருக்குப் பின்னால் ‘வசதி செய்து தருபவர்’ என்றும் சேர்த்திருக்கிறார்கள். யாருக்கு வசதி என்று நான் கேட்கப்போவதில்லை.

அப்புறம், நின்ற 11 பேருக்கும் பாக்கி தீர்ந்துவிட்டதா? விலகியவருக்கு 2 வேலை நாளுக்குள் சம்பளம் தந்தாக வேண்டும். பிடித்த அரை ஷிப்ட் பணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மேனேஜரை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள்.