போட்டோகிராஃபரின் விசிட்டிங் கார்டு: சுல்தான்பேட்டை டிசைனரின் கேள்வி பதில்

பெங்களூருவில் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று கேமராவோடு அலையும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இங்கே சுல்தான்பேட்டை அச்சகங்களுக்கு டிசைன் செய்து கொடுப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, நான் எடுத்ததில் எட்டுப் படங்களைக் கார்டில் போடலாமா? (அல்சூர்)

வேண்டாம். கார்டே மூன்றரை அங்குலம் அகலம், இரண்டு அங்குலம் உயரம். எட்டுப் படம் போட்டால் கல்யாணப்பெண் முகம் பட்டாணி அளவுதான் இருக்கும். ஒரே படம், பின்பக்கம் முழுக்க. நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) கொடுங்கள். வெட்டும்போது கத்தி கொஞ்சம் நகரத்தான் செய்யும். படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அது முதலில்.

ஸ்கிரீனில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் செத்துப்போய் வந்தது. அச்சகத்தில் கேட்டால் 'அப்படித்தான் வரும்' என்கிறார்கள். (கே.ஆர்.புரம்)

பாதி உண்மை. ஸ்கிரீனில் தெரிவது வெளிச்சம், அச்சில் விழுவது நாலு மை (சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு). ரிசப்ஷன் மேடையின் எல்இடி நீலமும் ஊதாவும் அந்த நாலு மையில் அப்படியே வரவே வராது. கார்டுக்கு அந்த மாதிரி படம் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் எடுத்த முகூர்த்தப் படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மீதிப் பாதியை அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஆயிரம் கார்டு மலிவு ரேட்டில் அடிக்கும்போது ஒரே ஷீட்டில் பல பேருடைய கார்டுகள் சேர்ந்து ஓடும். பக்கத்துக் கார்டில் சிவப்பு தூக்கலாக வேண்டும் என்று மையைக் கூட்டினால், உங்கள் மணப்பெண்ணின் கன்னமும் சிவந்துவிடும். மளிகைக்கடைக் கார்டுக்கு அது பரவாயில்லை. படம் எடுப்பவருக்கு அதுதான் மானப் பிரச்சினை. டிஜிட்டல் பிரிண்டில் முதலில் ஒரு கார்டு எடுத்துப் பார்த்துவிட்டு, நூறு கார்டு மட்டும் அடியுங்கள். மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத பிளாஸ்டிக் படலம்) போட்டால் படம் இன்னும் கொஞ்சம் அடங்கும், அதனால் ஃபைலிலேயே ஒரு சுற்று வெளிச்சம் ஏற்றிக் கொடுங்கள். கறுப்பு வெள்ளைப் படமா? கறுப்பு மை மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். நாலு மையில் அடித்தால் பச்சைச் சாயலோ சிவப்புச் சாயலோ தட்டலாம்.

முழுக் கறுப்புக் கார்டு கெத்தாக இருக்குமே? (ஜெயநகர்)

முதல் நாள் இருக்கும். அப்புறம் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும், விரல்ரேகை தெரியும். 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 350 கிராம்) வெள்ளை அட்டையே கையில் கனமாக நிற்கும்.

தமிழ்ப் பெயர் அச்சகத்தில் கட்டம் கட்டமாக வந்தது. கன்னடமும் கட்டாயமா? (சிவாஜிநகர்)

அவர்கள் கம்ப்யூட்டரில் உங்கள் எழுத்துரு இல்லை. கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் எழுத்தை 'கர்வ்' ஆக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுங்கள். அதற்கு முன் புள்ளி, கொம்பு எல்லாம் சரிபாருங்கள், பிறகு திருத்த முடியாது. கன்னடம் 60 சதவீதம் இருக்க வேண்டும் என்ற விதி கடைப் பெயர்ப்பலகைக்கு, கார்டுக்கு இல்லை. ஆனாலும் பெயரைக் கன்னடத்திலும் போடுங்கள், வாடிக்கையாளரில் நிறையப் பேர் கன்னடக்காரர்கள்தானே.

க்யூஆர் கோடு? (ஒயிட்ஃபீல்ட்)

இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளை மேல் கறுப்பு, சுற்றிலும் வெற்றிடம். அதன்மேல் பளபளப்பு யூவி பூச்சு வேண்டாம். அடிப்பதற்கு முன் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, பழைய போன் ஒன்றில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

டிரோன், ஆல்பம், ரீல்ஸ், எல்லாம் எழுதணுமா மேடம்? (பொம்மனஹள்ளி)

பெயர், போன், ஏரியா, 'கல்யாணப் படங்கள்' என்று ஒரு வரி. முன்பக்கத்துக்கு லேமினேஷன் வேண்டாம். மண்டபத்தில் நிற்கிறவர் முகூர்த்தத் தேதியைச் சொன்னால் பேனாவால் அங்கேயே குறித்துக் கொடுக்கலாம்.