கிராம் சாயமேற்றலில் சில பாக்டீரியாக்கள் மட்டும் ஊதா நிறத்தை இழப்பது ஏன்?

எல்லாப் பாக்டீரியாக்களும் ஏற்கும் ஊதாச் சாயத்தைச் சில மட்டும் இழப்பது ஏன் என்ற கேள்விக்கு, அவற்றின் செல்சுவரே விடை. 1884-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட, பாக்டீரியாக்களை நிறத்தால் இரு வகையாகப் பிரித்தறியும் இச்சாயமேற்றல் முறையில், கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சுடரில் காட்டி நிலைப்படுத்திய செல்களுக்குள் கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயமும் அயோடினும் சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகின்றன. ஆல்கஹால் ஊற்றும் கட்டமே முக்கியமானது: திராட்சைக் கொத்துபோல் சேர்ந்திருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் தடித்த பெப்டிடோகிளைக்கன் (சர்க்கரையும் அமினோ அமிலங்களும் பின்னிய வலைப்பொருள்) சுவர் நீரிழந்து இறுகி அந்தக் கூட்டுப்பொருளைப் பிடித்துவைத்துக்கொள்ள, ஈ.கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்வு சிதைந்து, மெல்லிய சுவர் வழியே ஊதா வெளியேறிவிடுகிறது. பின்னர் இடும் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஈ.கோலையை இளஞ்சிவப்பாகக் காட்டும். ஆல்கஹாலால் சில விநாடிகள் கூடுதலாகக் கழுவினாலே ஸ்டஃபைலோகாக்கஸின் ஊதாக் கொத்துகளும் சிவந்து தவறான முடிவைத் தரக்கூடும் என்பதால், தகட்டிலிருந்து வழியும் துளி நிறமிழக்கும் கணத்திலேயே நீரூற்றி நிறுத்திவிட வேண்டும். மெழுகுத்தன்மையுள்ள சுவர் கொண்ட காசநோய்க் கிருமிக்கு இம்முறை பொருந்தாது. அதற்குச் சீல்-நீல்சன் சாயமேற்றல் உள்ளது.