ராஸ் தீவுக்கு அரைமணி நேரம் போதாது

கேள்வி: மே லீவில் அந்தமான் போகிறோம். செல்லுலார் ஜெயிலைப் பார்த்த பிறகு ராஸ் தீவு எதற்கு, இடிந்த கட்டடங்கள்தானே என்கிறார் என் வீட்டுக்காரர். மாமியாருக்கு முழங்கால் வலி வேறு. போகலாமா, விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கட்டாயம் போங்கள். இடிந்த கட்டடங்கள்தான், ஆனால் யாருடையவை? ஜெயிலில் கைதிகள் பட்ட பாட்டைப் பார்ப்பீர்கள். அவர்களை ஆட்டிவைத்த வெள்ளைக்கார அதிகாரிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது எதிரே கடலில் தெரியும் அந்தக் குட்டித் தீவுக்குப் போனால்தான் புரியும். 1858-ல் கைதிகளைக் கொண்டுவந்து காட்டை வெட்டவைத்து, அவர்கள் கையாலேயே சர்ச், பேக்கரி, நீச்சல்குளம், கமிஷனர் பங்களா என்று தங்களுக்கு ஒரு ஊரையே கட்டிக்கொண்டார்கள். 1941-ல் நிலநடுக்கம், மறு வருஷம் ஜப்பான் படை, அத்தோடு அந்த வாழ்வு முடிந்தது. ஜப்பான்காரர்கள் கட்டிய பங்கர் (பதுங்கு அறை) இன்னும் இருக்கிறது, பிள்ளைகள் கூட வந்தால் அவர்களுக்கு அதுதான் பிடிக்கும். 1979-லிருந்து தீவு கடற்படை வசம். 2018-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெயரை வைத்தார்கள், ஆனாலும் படகுக்காரரிடம் ராஸ் என்றாலே போதும்.

எனக்குப் பிடித்தது இடிந்த சுவர்களைப் பற்றிப் படர்ந்திருக்கும் மரவேர்கள். செங்கல் உதிர்ந்துபோன இடத்தில் வேரே சுவராக நிற்கும், ஜன்னல் ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும். புள்ளிமான்கள் கூச்சமே இல்லாமல் கிட்ட வரும். பாவம் பார்த்து பிஸ்கட் போடாதீர்கள்.

மாமியாருக்கு பேட்டரி கார் இருக்கிறது, கவலை வேண்டாம். கலங்கரை விளக்கம் பக்கம் இறங்கும் படிக்கட்டில் மட்டும் அவரை இறக்காமல் மேலேயே உட்காரவையுங்கள்.

போர்ட் பிளேரில், அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில், அபெர்டீன் ஜெட்டியிலிருந்து படகு. ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்து முடிப்பதற்குள் தீவு வந்துவிடும். புதன்கிழமை விடுமுறை. பக்கத்திலுள்ள நார்த் பே கடற்கரையோடு சேர்த்து பேக்கேஜ் போடுகிறவர்கள் ராஸில் இறக்கிவிட்டதுமே ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று விரட்டுவார்கள், அதனால் எத்தனை மணி நேரம் விடுவீர்கள் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள், இரண்டு மணி நேரமாவது வேண்டும். அப்புறம், இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். மே பாதிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டு கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.