பி.இ. 6 என்றால் மலிவா?

கேள்வி: அரசின் இரும்புத் தாது நிறுவனமான என்எம்டிசி போன்ற சுரங்கப் பங்கை, பி.இ. (பங்கு விலை, ஒரு பங்குக்கான வருட லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) குறைவாக இருக்கும்போது வாங்கலாமா?

பதில்: சுரங்கப் பங்கில் பி.இ. மிகக் குறைவாகத் தெரிவது பெரும்பாலும் தாது விலை உச்சத்தில் இருக்கும்போதுதான். அந்த வருட லாபம் நிலைக்காது. எனவே 10 வருடச் சராசரி லாபத்தைப் பாருங்கள்.

முதலில் ஆண்டறிக்கைகளிலிருந்து 10 வருட இ.பி.எஸ்.ஸை (ஒரு பங்குக்கான லாபம்) எடுங்கள். என்எம்டிசி 2024 டிசம்பரில் ஒரு பங்குக்கு இரண்டு போனஸ் பங்குகளை இலவசமாகத் தந்தது; பங்கு எண்ணிக்கை மூன்று மடங்கானது. எனவே அதற்கு முந்தைய எண்களை 3-ஆல் வகுக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது. பிறகு விலைவாசி: பழைய இ.பி.எஸ். 9 ரூபாய், வகுத்தால் 3. அன்றைய நுகர்வோர் விலைக் குறியீடு 120, இன்று 192 என்று வைத்துக்கொண்டால், 3 × 192 ÷ 120 = 4.80 ரூபாய். பத்து வருடத்துக்கும் இப்படிக் கணக்கிட்டு, சராசரியால் இன்றைய பங்கு விலையை வகுங்கள்; அந்த மடங்கைத்தான் பி.இ.க்குப் பதில் பார்க்க வேண்டும். நஷ்ட வருடத்தையும் விடாதீர்கள். விட்டால் சராசரி பொய் சொல்லும். குறியீட்டின் அடிப்படை ஆண்டு மாறியிருந்தால் இணைப்புக் காரணியை (பழைய குறியீட்டையும் புதியதையும் ஒப்பிட உதவும் எண்) போடுங்கள்.

இந்தக் கணக்குக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. 2022-இல் நகர்னார் உருக்காலை என்எம்டிசியிலிருந்து தனி நிறுவனமாகப் பிரிந்தது. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பின் அரசு நிறுவனங்கள் சுரங்கக் குத்தகை நீட்டிப்புக்கு, ராயல்டி (எடுக்கும் தாதுவுக்கு அரசுக்குத் தரும் தொகை) போகக் கூடுதல் தொகையும் கட்டுகின்றன. அதற்கு முந்தைய லாபத்தை அப்படியே நம்பக் கூடாது. சத்தீஸ்கரில் உள்ள என்எம்டிசியின் பைலடிலா சுரங்கத்தில் எடுத்த தாது திரும்ப முளைக்காது. மீதி இருப்பை வருட உற்பத்தியால் வகுத்து, ஆயுள் 15 வருடத்துக்குக் கீழே என்றால் நான் சராசரி லாபத்தைப் போல் 10 மடங்குக்கு மேல் விலை தர மாட்டேன்.