லேசருக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: தாடையில் வளரும் முடியை லேசர் மூலம் எடுக்க விரும்புகிறேன். மாநிறத்தைவிடச் சற்றுக் கருத்த தோல். முகம் கருகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பொருந்தாத கருவியும் மிகுந்த சக்தியும் சேர்ந்தால் அப்படி ஆகலாம். முடியில் இருக்கும் மெலனின் என்ற கருநிறமி லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் வேர் பழுதாகிறது. அதே மெலனின் உங்கள் மேல்தோலிலும் நிறைய இருப்பதுதான் சிக்கல். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசரில் மேல்தோலே பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். விளைவு கொப்புளம், பிறகு கருமை, சில சமயம் வெளுத்த திட்டு. 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மேல்தோலை அவ்வளவாகச் சீண்டாமல் ஆழத்துக்கு இறங்கும். கருத்த தோலுக்கு அதுவே பாதுகாப்பானது. 810-ஐ ஒட்டிய டயோடு லேசரும், குளிர்விக்கும் முனையோடு அளவறிந்து செய்தால் சரிவரும். ஐபிஎல் என்பது பல அலைநீளங்கள் கலந்த ஒளி, லேசர் வகையில் சேராது. உங்கள் நிறத்துக்கு அதைத் தவிருங்கள். ஆகவே கட்டணத்தை விசாரிக்கும் முன் அலைநீளத்தை விசாரியுங்கள்.

முதல் நாளே முகம் முழுக்கச் செய்ய விடாதீர்கள். காதோரம் ஒரு சிறு இடத்தில் சோதித்து, இரண்டு முதல் நான்கு வாரம் பொறுங்கள். கருமை உடனே தெரியாது, தாமதமாகத்தான் தலைகாட்டும்.

சிகிச்சைக்கு முந்தைய 4 வாரம் த்ரெட்டிங், வாக்சிங் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளிக்கு அங்கே இலக்கே இல்லை. முந்தைய நாள் ஷேவ் செய்துகொள்ளலாம். செய்யாவிட்டால் வெளியே நீண்ட முடி கருகித் தோலைச் சுடும். வளரும் பருவத்தில் உள்ள முடிதான் லேசருக்குக் கட்டுப்படும் என்பதால் 4 முதல் 6 வார இடைவெளியில் 6 முதல் 8 முறை தேவைப்படும். நரைமுடி போகாது. தாடையோரப் பூனைமுடியில் கைவைக்க வேண்டாம், அது தடித்து வளர்வதும் உண்டு. மாதவிலக்கு ஒழுங்காக வராவிட்டால் முதலில் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் ஹார்மோன் கோளாறு) சோதனை செய்துகொள்ளுங்கள். ஹார்மோன் கோளாறு நீடிக்கும்வரை புதுமுடி முளைத்துக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: கன்னத்து மங்குக்கு நான்கு முறை லேசர் செய்தேன். மறைந்தது, இப்போது முன்பைவிட அடர்த்தியாகத் திரும்பிவிட்டது. மேலும் இரண்டு முறை செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள். மங்கில் நிறமிச் செல்கள் ஏற்கெனவே சீண்டப்பட்ட நிலையில் இருக்கின்றன. வெப்பம் அவற்றை மேலும் தூண்டும். க்ரீம்களால் பலன் இல்லாதபோது யோசிக்க வேண்டியது லேசர். இப்போது தேவை சன்ஸ்கிரீன், அதுவும் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயமுள்ள வகை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்கும், நிறமற்ற சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்குப் போதிய அளவு. வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். மருத்துவர் எழுதித் தரும் க்ரீமை அவர் சொன்ன காலத்தோடு நிறுத்திவிடுங்கள். ஸ்டீராய்டு கலந்தவற்றை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவந்துவிடும்.

கேள்வி: வலி தெரியாமலிருக்க, மரத்துப்போகும் க்ரீமை வீட்டிலேயே இரண்டு கால்களிலும் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றி வரச் சொல்கிறார்களே?

பதில்: கூடாது. அதிலுள்ள லிடோகெயின் பரந்த தோல்வழியே ரத்தத்தில் கலந்தால் வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு தடம்புரளலாம். லேசருக்காக இப்படிப் பூசியவர்கள் இறந்ததை அடுத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007-இல் எச்சரிக்கை வெளியிட்டது. சிறு பகுதியில், மருத்துவமனையில், கண்காணிப்பில் மட்டும் பூசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பருத்தழும்புக்கு ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்யப்போகிறேன். மருத்துவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

பதில்: பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்தீர்களா, காயம் ஆறிய இடத்தில் தடித்துப் புடைக்கும் கெலாய்டு தழும்பு வந்ததுண்டா, உதட்டோரம் ஹெர்பீஸ் கொப்புளம் வருவதுண்டா என்பவற்றைச் சொல்லுங்கள். ஹெர்பீஸ் இருந்தால் முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மருந்து தருவார்கள். பிறகு சுமார் ஒரு வாரம் பொருக்கு இருக்கும். உரிக்காமல் வாசலின் தடவி ஈரமாக வையுங்கள். வலி நாளுக்கு நாள் கூடினாலோ, சீழோ கொத்துக் கொப்புளமோ வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மச்சத்தை லேசரில் எடுக்கலாமா?

பதில்: தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவியில் பார்த்து, சாதாரண மச்சம்தான் என்று உறுதியான பிறகு மட்டும். அளவோ நிறமோ மாறிவரும் மச்சத்தை வெட்டியெடுத்துத்தான் புற்றுநோயா என்று சோதிக்க வேண்டும். லேசரில் சுட்டுவிட்டால் சோதனைக்கு அனுப்பத் திசுவே மிஞ்சாது.