நேரலை உடற்பயிற்சி வகுப்புக்கு யார் பணம் கட்டுவார்கள்?

யூடியூபில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது நேரலைக் குழு வகுப்புக்கு யார் பணம் கட்டப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுகிறார்கள். என் குடும்பமே அந்த வருமானத்தில்தான் நடக்கிறது. நீங்கள் நேரில் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பவர், இணையத்துக்கு வர யோசிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காணொளி சொல்லிக்கொடுக்கும், ஆனால் செய்பவரைக் கவனிக்காது. அந்தக் கவனிப்புக்குத்தான் மக்கள் பணம் தருகிறார்கள். என் வகுப்பில் ஒரு அம்மாவுக்கு ஸ்குவாட் (முட்டியை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யும்போதெல்லாம் வலது முட்டி உள்பக்கமாகச் சாயும். கேமராவை நேர் எதிரே இடுப்பு உயரத்தில் வைத்து, பின்னால் தள்ளி நிற்கச் சொன்ன பிறகே அது என் கண்ணில் பட்டது. பெயர் சொல்லி அழைத்து, முட்டி கால்விரல்களின் திசையிலேயே போகட்டும் என்றேன். அன்றிலிருந்து அவர் சந்தாவை நிறுத்தியதே இல்லை.

ஆகவே ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜூமின் இலவசக் கணக்கில் 100 பேர் வரை சேரலாம் என்றாலும் 40 நிமிடத்தில் இணைப்பு முடிந்துவிடும். எனவே கட்டணக் கணக்கு எப்படியும் தேவை. ஒரே திரையில் 49 பேரைப் பார்க்கும் வசதியும் ஜூமில் உண்டு, ஆனால் அவ்வளவு சிறிய கட்டத்தில் ஒருவரின் முதுகு வளைவது தெரியாது. கூடுதலாக ஒருவர் சேர்வதால் செலவு ஏறாது என்பதுதான் இத்தொழிலின் பெரிய ஆசை; ஆனால் கவனிக்கப்படாதவர் மறுமாதமே நின்றுவிடுவார், அவர் இடத்துக்குப் புதியவரைப் பிடிக்கும் செலவில் அந்த லாபம் கரைந்துவிடும். சிறிய குழு, மாறாத நேரம், முன்கூட்டியே மாதக் கட்டணம் என்ற முறையே எனக்குக் கைகொடுத்தது.

பாட்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஸ்பாட்டிஃபை போன்றவற்றின் தனிநபர் சந்தா சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. வகுப்புக்கு உரிமம் பெற்ற இசையைத்தான் பயன்படுத்த வேண்டும். ஜூமின் இரைச்சல் நீக்கும் அமைப்பு இசையையும் விழுங்கிவிடும் என்பதால் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்கிக்கொள்ளுங்கள்.

நேரில் தொட்டுத் திருத்துவதற்கு இது ஈடாகுமா என்று சிலர் பின்னூட்டத்தில் கேட்கக்கூடும். ஈடாகும் என்று நான் சொல்லவில்லை. வீட்டை விட்டு வெளியேற முடியாதவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

வகுப்பின் காணொளிப் பதிவுகளை, அதைத் தவறவிட்டவர்களுக்கு மட்டும் இரண்டு நாள் திறந்து வைக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த பயிற்சிக்கூடம், நான் விலகிய பின்னும் என் வகுப்புப் பதிவுகளைச் சந்தாதாரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, எங்கள் கேமராவில் எடுத்தது எங்களுக்கே சொந்தம் என்றார்கள். வியர்த்தது நான், குரல் கம்மியது எனக்கு, ஆனால் எனக்கு ஒரு பைசா வரவில்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. வேறொருவரின் தளத்தில் வகுப்பு எடுப்பதாக இருந்தால், பதிவு யாருக்குச் சொந்தம், நீங்கள் விலகிய பின் அதை என்ன செய்வார்கள் என்பதை முதல் வகுப்புக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.