மீனைக் குளிப்பாட்டினால் மட்டும் போதுமா?

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் கொடுவா மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி வந்து, நான்கைந்து நாளில் தானாக மறைந்தது. அடுத்த வாரம் திரும்பி வந்து பாதி மீன்கள் செத்துவிட்டன. ஏன்?

புள்ளி மறைந்தபோது நோய் போகவில்லை, இடம்தான் மாறியது. கிரிப்டோகேரியான் என்ற ஒருசெல் ஒட்டுண்ணி இது. தோலிலும் செவுளிலும் தின்று கொழுத்ததும் மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடியிலும் சுவரிலும் கூடு கட்டிக்கொள்ளும். ஒரே கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வரலாம். பெரும்பாலும் இருட்டில்தான் வெளியே வரும். மீன்கள் அடியில் அசையாமல் கிடக்கும் நேரம் பார்த்து! கூட்டுக்குள் மருந்து எளிதில் நுழையாது. அதனால் 3 நாளுக்கு ஒருமுறை மீன்களைக் காய்ந்த, சுத்தமான தொட்டிக்கு மாற்றுங்கள். மொத்தம் 4 முறை. காலி செய்த தொட்டியை நன்றாகக் காயவிடுங்கள். வேலை அதிகம்தான், ஆனால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கடல் கூண்டில் வளரும் மீன்கள் வலையில் உரசுகின்றன, கண் வெளுத்திருக்கிறது. உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே?

தெரியாது, தோல் தட்டைப்புழு கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு மீனை நன்னீர் வாளியில் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் புழுக்கள் வெளுத்து, செதில் உதிர்வதுபோல வாளியின் அடியில் விழும். சிகிச்சையும் அதேதான்: காற்றூட்டிய நன்னீரில் 5 முதல் 10 நிமிடம், மீன் தடுமாறினால் உடனே எடுத்துவிடுங்கள். அப்புறம் பலரும் விடும் தவறு ஒன்று: மீனைக் குளிப்பாட்டி அதே வலைக்குள் விடுவது. புழுவின் முட்டைகள் நூல்போன்ற இழைகளால் வலையில் சிக்கிக் கிடக்கும், நன்னீருக்கு அவை அசையாது. வலையை மாற்றி, பழையதை வெயிலில் காயப்போடுங்கள். புதிதாகப் பொரித்தவை முட்டையிடும் முன் மறுகுளியல் வேண்டும். நீர் சூடாக இருந்தால் இந்த இடைவெளி குறையும். பக்கத்துக் கூண்டுகளையும் சேர்த்தே செய்யுங்கள்.

தாமிர சல்பேட் போடலாமா?

திறந்த கூண்டில் வேண்டாம். தொட்டியில் வெல்வெட் நோய்க்கு, அதாவது மீன்மேல் தூசு படிந்ததுபோலத் தெரியும் ஒட்டுண்ணி நோய்க்குப் பயன்படும். ஒட்டுண்ணி நீந்தித் திரியும் பருவத்தைத்தான் கொல்லும். மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு, தினமும் அளக்க முடியாதவர்கள் தொடவே வேண்டாம். இறாலும் சிப்பியும் இருக்கும் நீரில் பேச்சே இல்லை.

இந்த மீனைச் சாப்பிடலாமா?

மேலே சொன்ன ஒட்டுண்ணிகள் மனிதரைத் தொற்றாது. பச்சையாக உண்பவர்கள் பார்க்க வேண்டியது அனிசாகிஸ் என்ற, கடல் மீனுக்குள் இருக்கும் உருண்டைப் புழுவை. குருணைத் தீவனம் மட்டும் தின்ற மீனில் அது அரிது. பச்சைக் கழிவு மீனை இரையாகப் போட்டால் வர வழியுண்டு. நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். லேசாக உப்பிட்டாலோ எலுமிச்சைச் சாறு பிழிந்தாலோ சாகாது.